கூடையில் ஓர் அகல்விளக்கு... சைக்கிளில் சுற்றிய பொலன்னறுவை!

"சைக்கிள் ஓடத் தெரியுமா தங்கச்சி?"

வாடகை சைக்கிள் கடைக்காரர் கேட்டதும் ஒரு நொடி முழித்தேன். சைக்கிளை ஓட்டத்தானே தெரிய வேண்டும், ஓடுவதற்கு சைக்கிள் எதற்கு? பிறகுதான் உறைத்தது. இலங்கைத் தமிழில் சைக்கிள், கார், பஸ் எல்லாவற்றையும் 'ஓடுகிறார்கள்'.

"தெரியும்ணா" என்றேன்.

"நானா எண்டு சொல்லுங்க. எங்கட பக்கம் அப்பிடித்தான்" என்று சிரித்தார். பக்கத்து ஊரான கதுருவெலயைச் சேர்ந்த முஸ்லிம் அவர். பெரியவர்களை அண்ணா என்பதற்கு நானா.

தெரியும் என்று நான் சொன்னது பாதி உண்மைதான். பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் இரண்டு வருடம் பள்ளிக்குப் போனேன். சென்னைக்கு வந்தபிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. இப்போது கூடை வைத்த ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் என் கைக்கு வந்தது. பிரேக்கை அழுத்தினால் கிளி கத்துவதுபோல ஒரு சத்தம். கூடையில் ஒரு மஞ்சப்பையை வைத்தேன். அதற்குள் காகிதத்தில் சுற்றிய ஓர் அகல்விளக்கு, தஞ்சாவூரிலிருந்து அப்பா கொடுத்தனுப்பியது.

இந்தப் பயணமே உண்மையில் அப்பாவுடையது. 'பொன்னியின் செல்வ'னை நான்கு முறை படித்தவர். அருள்மொழிவர்மன் நடந்த ஈழத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும் நேரத்தில் மூட்டு ஆபரேஷன். "நீ போயிட்டு வா. அங்க வானதி பேர்ல ஒரு கோயில் இருக்கு. விளக்கு வைக்கிற நேரத்துல போய் இதை ஏத்திட்டு வந்துடு" என்று அகலையும் திரியையும் கையில் கொடுத்துவிட்டார். நல்லெண்ணெய் பாட்டில் தனியாக என் முதுகுப் பையில் இருந்தது.

"எந்த ஊர்?" என்று நானா கேட்டார். தஞ்சாவூர் என்றதும் கண்கள் விரிந்தன. "ராஜராஜன்ட ஊரா? எங்கட சரித்திரப் பாடத்தில அவர் ஹீரோ இல்ல தங்கச்சி."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று மாலை வரை அந்த வரி என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டே வந்தது.

இரண்டு புத்தகங்கள்

கல்கியின் நாவலில், இடிந்த புத்த விகாரைகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறார் அருள்மொழிவர்மன். பிக்குகள் இலங்கையின் மணிமுடியையே கொடுக்க முன்வரும்போது வேண்டாம் என்கிறார். நாம் எல்லோரும் கண்ணீர் விட்டுப் படித்த இடம்.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் வேறு கதை சொல்கிறது. 993-ல் தொடங்கிய சோழர் படையெடுப்பில் ஆயிரம் ஆண்டுத் தலைநகரமான அநுராதபுரம் விழுந்தது. 1017-ல் ராஜேந்திரன் காலத்தில் மன்னன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டு, முடியோடும் நகைகளோடும் சோழ நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். 12 ஆண்டுகள் கழித்து அங்கேயே இறந்தான். விகாரைகள் உடைக்கப்பட்டன, பொன் சிலைகள் பறிபோயின என்று எழுதிவைத்திருக்கிறது அந்த நூல். எழுதியவர்கள் பௌத்தத் துறவிகள். தோற்றவர் தரப்பின் கோபம் அதில் இருக்கத்தான் செய்யும். ஆனால் நம் மெய்க்கீர்த்திகளில் மட்டும் ஜெயித்தவர் தரப்பின் பெருமை இல்லையா என்ன?

சோழர்கள் தலைநகரத்தை அநுராதபுரத்திலிருந்து பொலன்னறுவைக்கு மாற்றினார்கள். ராஜராஜனின் பட்டப்பெயரால் அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070-ல் முதலாம் விஜயபாகு சோழர்களைத் துரத்தினான். ஆனால் தலைநகரத்தை மாற்றவில்லை. அவனுக்குப் பிறகு வந்த பராக்கிரமபாகுவும் நிசங்கமல்லனும்தான், இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்கள். 13-ம் நூற்றாண்டில் மாகனின் படையெடுப்புக்குப் பிறகு நகரம் மெல்லக் காலியாகி, காட்டுக்குள் போனது. 1982 முதல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னம்.

ஏன் சைக்கிள்? தெற்கே அரண்மனையில் தொடங்கி வடக்கே கடைசி சிலைமனை வரை நான்கைந்து கிலோமீட்டருக்கு இடிபாடுகள் பரவிக்கிடக்கின்றன. நடந்தால் வெயில் கொன்றுவிடும். ஆட்டோவில் போனால் டிரைவர் மணி பார்த்துக்கொண்டே இருப்பார். பாதை சமதளம், இரண்டு பக்கமும் மரங்கள். டிக்கெட்டை ஏரிக்கரையில் இருக்கும் மியூசியத்தில் வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டை எடுத்துப்போங்கள், சார்க் நாட்டினருக்குக் கட்டணம் குறைவு. இன்னொன்று, சாக்ஸ். புனித இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல் தரை தோசைக்கல்தான். சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

தமிழில் ஒரு சத்தியம்

காலை ஏழு மணி. ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று. ஏரி என்று சொல்வது கொஞ்சம் அநியாயம். பராக்கிரம சமுத்திரம் என்றுதான் பெயரே. சுமார் 14 கிலோமீட்டர் நீளக் கரை. விழும் மழைநீர் வீணாகக் கடலுக்குப் போகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த அரசன் வெட்டியது. இன்றும் இந்தத் தண்ணீரில்தான் சுற்றுவட்டார வயல்கள் விளைகின்றன. டெல்டாக்காரியான எனக்கு அரண்மனையைவிட இதுதான் அதிகம் பிடித்தது என்றால் சிரிக்காதீர்கள்.

பராக்கிரமபாகுவின் அரண்மனைக்கு ஏழு மாடி, ஆயிரம் அறைகள் என்பது நூல்கள் சொல்லும் கணக்கு. இப்போது மிஞ்சியிருப்பவை மூன்று மாடி உயரத்துக்குச் செங்கல் சுவர்கள். ஒவ்வொரு சுவரும் ஒரு சின்ன அறை அகலத்துக்குத் தடிமன். பக்கத்திலிருக்கும் அரசவை மண்டபத்தின் அடித்தளத்தில் வரிசையாக யானைகள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றுபோல இன்னொன்று இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முதலாம் சிவதேவாலயம், பாண்டியர் பாணியில் கட்டப்பட்ட கோயில். 1907-08 வாக்கில் இந்த நகரின் சிவாலயங்களைத் தோண்டியபோதுதான் நடராஜர், சுந்தரர், காரைக்கால் அம்மையார் என்று அற்புதமான வெண்கலச் சிலைகள் கிடைத்தன. பேயுருவில் தாளமிட்டுப் பாடும் அந்த அம்மையார் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

அதற்கு எதிரே ஒரு மேடான சதுக்கம். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த வளாகம் என்பதால் சிங்களத்தில் தலதா மலுவ. வட்டதாகே என்ற வட்டக் கோயிலின் படிக்கட்டில்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பக்கத்தில் கல் பொத்த, அதாவது கல் புத்தகம். ஓலைச்சுவடி வடிவில் வெட்டிய, எட்டு மீட்டருக்கும் மேல் நீளமான ஒரே பாறை. எடை சுமார் 25 டன். நிசங்கமல்லன் தன் பெருமைகளைச் சிங்களத்தில் பொறித்துவைத்திருக்கிறான். இந்தக் கல் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்ற தகவலும் அதிலேயே இருக்கிறது. கல்லின் ஓரத்தில் கஜலட்சுமி. ஓர் அரசனின் ஒன்பது வருட ஆட்சிக்கு இவ்வளவு பெரிய சுயவிளம்பரமா என்று தோன்றியது. நம் ஊர் கட்அவுட்கள் நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டம் எல்லாம் அங்கே நிற்க, அடதாகே என்ற கட்டடத்தின் அருகே ஆள் இல்லாமல் ஒரு கல் நின்றது. அதன் முன்னால்தான் என் சைக்கிள் பயணத்தின் பாதிக் காலை கழிந்தது.

அது வேளைக்காரர் கல்வெட்டு. தமிழில் இருக்கிறது, நடுவே கிரந்த எழுத்துகளும் உண்டு. 12-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தமிழை என்னால் கோர்வையாகப் படிக்க முடியவில்லை. ஒரு 'த', ஒரு 'ர', மீண்டும் ஒரு 'த' என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் படித்துச் சொன்னது.

வேளைக்காரர் என்பது உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்று சத்தியம் செய்த கூலிப்படை. தமிழர்களோடு வடுகர், மலையாளர் எல்லாம் இருந்த படை. சோழர்களைத் துரத்திய அதே விஜயபாகுவிடம் இவர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். ஒருமுறை, சோழர்மீது படையெடுக்கச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்து, அரண்மனைக்கே தீ வைத்தார்கள். விஜயபாகு அந்தக் கலகத்தைக் கொடூரமாக அடக்கினான். அவன் இறந்தபிறகு, நாட்டில் ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்த காலத்தில், மூத்த பிக்கு ஒருவர் இதே வேளைக்காரர்களை அழைத்து, புனிதப் பல் இருக்கும் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். ஏற்றுக்கொண்டு அவர்கள் கொடுத்த வாக்குதான் இந்தக் கல். பௌத்தர்களின் மிகப் புனிதமான பொருள் இருந்த அந்த இடத்துக்குத் தங்கள் படையின் பெயரையே சேர்த்து வைத்தார்கள்: 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாய்ப் பெரும்பள்ளி.'

பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. நானாவின் சரித்திரப் பாடத்தில் இருந்ததா என்று சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சப்பை போன கதை

சதுக்கத்திலிருந்து வடக்கே போகும் சாலைதான் சைக்கிளுக்குச் சொர்க்கம். நிழல், பறவைச் சத்தம், அவ்வப்போது குறுக்கே ஓடும் உடும்பு. நகரின் மிகப்பெரிய தூபியான ரன்கொத் வெஹெரவை ஒரு சுற்று சுற்றினேன். இடையில் செயின் கழன்றுகொண்டது. ஒரு குச்சியால் நெம்பி மாட்டினேன். பள்ளிக்கால வித்தை மறக்கவில்லை.

லங்காதிலகம் என்ற சிலைமனையின் முன் இறங்கினேன். இரண்டு பக்கமும் 17 மீட்டர் உயரச் சுவர்கள். அந்தச் சந்தின் முடிவில் தலை இல்லாமல் நிற்கும் பிரம்மாண்டமான புத்தர். கூரை இல்லாததால் வானம்தான் அவருக்கு முகம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் சைக்கிள் விழும் சத்தம்.

திரும்பினால், ஒரு குரங்கு. பொலன்னறுவைக் குரங்குகள் சாதாரணமானவை அல்ல. 1968-லிருந்து விஞ்ஞானிகள் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ச்சி செய்கிறார்கள். இவற்றை வைத்து டிஸ்னி 2015-ல் 'மங்கி கிங்டம்' என்று படமே எடுத்தது. அந்த சினிமா ஸ்டார் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் என் மஞ்சப்பையோடு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். உள்ளே தேங்காயோ பழமோ இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். காகிதத்தைப் பிரித்தார், அகலை முகர்ந்தார், ஏமாற்றத்தோடு கீழே போட்டார். கல்லில் பட்டு மூன்று துண்டு.

சிரித்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாக்கர் பிடித்துக்கொண்டு பூஜையறை வரை நடந்து அப்பா எடுத்து வந்த அகல் அது. துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். பக்கத்திலிருந்த கிரி வெஹெரவைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பால்போல வெண்மையான தூபி. எழுநூறு ஆண்டு காட்டுக்குள் கிடந்தும் பழைய சுண்ணாம்புப் பூச்சு போகவில்லை என்பார்கள். நீங்கள் போனால் எனக்காகவும் சேர்த்துப் பாருங்கள்.

கல் விகாரைக்கு வந்தபோது உச்சி வெயில். ஒரே பாறையில் நான்கு சிலைகள். இரண்டு அமர்ந்த நிலை, ஒன்று 7 மீட்டர் உயரத்தில் கைகளை மார்பில் கட்டி நின்ற நிலை, ஒன்று 14 மீட்டர் நீளத்துக்குச் சயனம். நிற்பவர் புத்தரா, குருவின் மறைவுக்கு வருந்தும் சீடர் ஆனந்தரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் ஓடுகிறது. சயன புத்தரின் தலையணையைப் பாருங்கள். தலை வைத்த இடம் லேசாக அமுங்கியிருக்கும். கருங்கல்லில் பஞ்சைச் செதுக்கியிருக்கிறான் மனுஷன். கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சற்றே விலகியிருக்கின்றன. அது தூக்கம் அல்ல, பரிநிர்வாணம் என்பதற்கு அடையாளம் அது. கோபத்தோடு வந்தவளை அந்தக் கால்கள் கொஞ்ச நேரம் உட்காரவைத்தன.

வெளியே பூக்கடை. வயதான ஓர் அம்மா தாமரை விற்றுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. பையிலிருந்து உடைந்த துண்டுகளை எடுத்துச் சேர்த்துக் காட்டி, மரத்தைக் காட்டி, குரங்குபோல நடித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். "பஹன" என்றார். அகல்விளக்குக்கு அவர்கள் சொல்லும் பெயர். கடைக்குப் பின்னால் போய், தான் ஏற்றும் விளக்குகளில் ஒன்றை முந்தானையால் துடைத்து எடுத்து வந்தார். பணம் நீட்டியதும் தலையை ஆட்டிவிட்டுத் தாமரையைக் காட்டினார். அதாவது, பூவை வாங்கு. இரண்டு வாங்கினேன். ஒன்றைச் சயன புத்தரின் முன்னால் வைத்தேன்.

காட்டுக்குள் ஒரு தமிழர் பெயர்

வெயில் தாழ நேரம் இருந்ததால் இன்னும் வடக்கே போனேன். வழியில் மரங்கள் முளைத்த ஒரு குன்று. சற்று உற்றுப் பார்த்தால் செங்கல் தெரிகிறது. அது குன்று அல்ல, முடிக்கப்படாத தூபி. பெயர் தெமள மகா சேய. தெமள என்றால் தமிழ். பராக்கிரமபாகுவின் படை பாண்டிய நாட்டுப் போரில் பிடித்து வந்த தமிழ்க் கைதிகளை வைத்துக் கட்டியது என்கிறது சூளவம்சம்.

மகிந்தன் இங்கிருந்து தஞ்சைப் பக்கம் கைதியாகப் போனான். நூற்றைம்பது வருடம் கழித்து மதுரைப் பக்கத்து ஆட்கள் கைதியாக இங்கே வந்து செங்கல் சுமந்தார்கள். மன்னன் பெயர் இரண்டு நாட்டுப் புத்தகங்களிலும் இருக்கிறது. செங்கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எதிலும் இல்லை. அந்தக் குன்றின் அடியில் நின்று தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு, எட்டு இதழ்த் தாமரைபோல அடுக்கடுக்காகக் கீழிறங்கும் தாமரைக் குளம், உள்ளே மங்கிய ஓவியங்கள் இருக்கும் திவங்க சிலைமனை, அவ்வளவுதான். சைக்கிளைத் தெற்கே திருப்பினேன். தொடைகள் கெஞ்சின.

வானவன்மாதேவி ஈஸ்வரம் பிரதான சாலையில் இல்லை. கிழக்கே பிரியும் மண்பாதையில் கொஞ்ச தூரம் போக வேண்டும். தொல்லியல் பலகையில் 'இரண்டாம் சிவதேவாலயம்'. செங்கல் நகரத்துக்கு நடுவே முழுக்கக் கல்லால் கட்டிய ஒரு சின்னக் கோயில். கும்பகோணம் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுபோல இருந்தது. அதே கோஷ்டம், அதே அரைத்தூண்கள், சிகரத்தின் மூலைகளில் நந்திகள். பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். சுவரில் அதிராஜேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. வானவன்மாதேவி என்பது ராஜராஜனின் தேவியார் ஒருவரின் பெயர், ராஜேந்திரனைப் பெற்றவர். ராஜராஜனின் தாயாருக்கும் அதே பெயர்தான். நாவலின் வானதி என்பது அப்பாவின் கட்சி. அவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

எனக்கு ஆச்சர்யம் வேறு. சோழர்களைப் போரிட்டுத் துரத்திய விஜயபாகு, அவர்கள் அரசியின் பெயரில் இருந்த இந்தக் கோயிலை இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. அவனுக்குப் பின் வந்தவர்களும் இடிக்கவில்லை. எத்தனை வம்சங்கள், எத்தனை போர்கள், நம் காலத்திலேயே முப்பது வருடப் போர். அந்த வருடங்களில் இந்த மாவட்டம் எல்லைப் பகுதியாக இருந்தது.

கருவறையில் லிங்கம் இருக்கிறது. அதன் முன்னால் அன்று காலையோ முந்தைய நாளோ யாரோ வைத்த பூ வாடிக்கிடந்தது. வாசற்கல்லில் பழைய எண்ணெய்க் கறை. காவலாளியிடம் அகலைக் காட்டிச் சைகையில் கேட்டேன். உள்ளே வேண்டாம், வெளியே அந்தக் கல்லில் என்று கையைக் காட்டினார். தாமரையை வைத்தேன். திரியைப் போட்டு எண்ணெய் ஊற்றி, மூன்றாவது தீக்குச்சியில் ஏற்றினேன்.

அப்பாவுக்கு வீடியோ கால். சிக்னல் விட்டு விட்டு வந்தது. கோயிலைச் சுற்றிக் காட்டினேன், சிகரத்தைக் காட்டினேன். அவர் பார்த்தது விளக்கைத்தான்.

"அது நான் கொடுத்த அகல் இல்லையே?"

"அது உடைஞ்சுபோச்சுப்பா. குரங்கு. இது கல் விகாரை வாசல்ல பூ விக்கிற அம்மா கொடுத்தது. அவங்க புத்தருக்கு ஏத்துற விளக்கு."

சில நொடிகள் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"காத்து அடிக்குது பாரு, அணைஞ்சுடப்போவுது. கையை வெச்சு மறைச்சுக்கோ" என்றார்.

ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். காவலாளி விசில் ஊதும் வரை கையை வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.